பர்ஸானா ராத்தாவின் முப்பது கையொப்பம்

காத்தான்குடியில் ஒருவரை உடற்பயிற்சிக்குச் சம்மதிக்க வைக்க இரண்டு நிமிடம் போதும். "செய்யத்தான் வேணும் புள்ள, டொக்டரும் அதத்தான் சொன்னவர்" என்று எல்லாரும் ஒரே மூச்சில் சொல்வார்கள். அந்தச் சம்மதத்துக்கும் உடற்பயிற்சிக்கும் ஒரு தொடர்பும் கிடையாது என்பதைக் கண்டுபிடிக்க றஸீனாவுக்கு இரண்டு வருடம் பிடித்தது.

றஸீனாவுக்கு முப்பத்தெட்டு வயது. அதில் ஒன்பது வருடம் டோஹாவில் போனது. வீட்டு வேலைக்கென்று போனவள், பிறகு பெண்களுக்கான உடற்பயிற்சி நிலையமொன்றில் துவாய் மடிக்கும் வேலைக்கு மாறினாள். துவாய் மடித்துக்கொண்டே பார்த்தாள். ஒரு நாள் பயிற்றுநர் வராதபோது அந்த வகுப்பை அவளே நடத்தி முடித்தாள். உதவிப் பயிற்றுநர் ஆனாள். அங்கே மனிதர்கள் இரண்டே வகை: வந்து செய்கிறவர்கள், வராமல் இருப்பவர்கள். ஊரில் மூன்றாவது வகையொன்று இருந்தது. அவர்கள் தவறாமல் இருப்பார்கள், அன்பாகவும் இருப்பார்கள், செய்யமட்டும் மாட்டார்கள்.

அவள் திரும்பி வந்தது மகளுக்காக. தாயைத் தொலைபேசித் திரையில் பார்த்தே வளர்ந்த பிள்ளை. எந்த மூலையில் நின்றால் சிக்னல் நன்றாக வரும், உம்மாவின் முகம் உறையாமல் தெரியும் என்பதில் கைதேர்ந்தவள். இந்த வருடம் அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் சாதாரண தரப் பரீட்சை. ஏறாவூரில் பெண்களுக்கென்று ஓர் உடற்பயிற்சி நிலையம் திறக்கப்போகிறார்கள். பயிற்றுநர் வேலை றஸீனாவுக்குத்தான் என்று வாய்வார்த்தையாகச் சொல்லியும்விட்டார்கள். ஒரேயொரு நிபந்தனை, சான்றிதழ் வேண்டும். அது கிடைக்காவிட்டால் டோஹாக்காரர்கள் பழைய வேலையைத் தரத் தயாராக இருந்தார்கள். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சியிலிருந்து கிழமைக்கு ஒருமுறை அழைத்து, மிகவும் பண்பாக, "என்ன முடிவு?" என்று கேட்பார்கள்.

சான்றிதழுக்கான கொழும்புப் பாடநெறியில் எழுத்துச் சோதனையெல்லாம் முடிந்துவிட்டது. மிச்சம் இருந்தது ஒரே வேலை: ஒரு ஆளைப் பன்னிரண்டு கிழமை தொடர்ந்து பயிற்சி செய்ய வைக்க வேண்டும். கிழமைக்கு மூன்று நாள், மொத்தம் முப்பத்தாறு. அதில் ஆறு நாள் விட்டுப்போகலாம். முப்பது நாளுக்கு அந்த ஆளின் கையொப்பம் பயிற்சிப் புத்தகத்தில் இருக்க வேண்டும். வாய்ப்பு இரண்டு முறைதான்.

முதல் வாய்ப்பைச் செட்டிபாளையத்து துசாந்தினியிடம் கொடுத்தாள். வங்கியில் வேலை, எதிலும் ஒழுங்கு, நேரத்துக்கு வருபவள். ஒன்பதாவது கிழமை வரை ஒரு நாளும் தவறவில்லை. ஒன்பதாவது கிழமை அவளுடைய தங்கையின் கலியாணம். "ப்ளவுஸ் வடிவாப் பொருந்திற்றுது அக்கா, இனி என்னத்துக்கு?" என்று நன்றி சொல்லி, கேக் துண்டும் தந்து அனுப்பிவிட்டாள். இப்படி வெற்றி பெற்றதனாலேயே றஸீனா தோற்றாள்.

இரண்டாவது வாய்ப்பு பர்ஸானா ராத்தா, ஊர் முறையில் பர்ஸானா அக்கா. பிரதான வீதியில் துணிக்கடை வைத்திருக்கும் நிஸ்தாரின் மனைவி, நாற்பத்து நான்கு வயது, இரத்தத்தில் சீனி எல்லையைத் தொட்டுக்கொண்டு நின்றது. றஸீனா அவரைத் தேர்ந்ததற்குக் காரணம் ஒன்றுதான்: யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாதவர் என்று ஊரே சொன்னது. றஸீனா அதை ஒரு தகுதி என்று நினைத்துக்கொண்டாள்.

முதல் நாள் பாடநூலில் உள்ளபடி தொடங்கினாள். பயிற்சி பெறுபவர் தனக்குள்ளிருந்தே காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். பயிற்றுநருக்காகச் செய்கிறேன் என்ற எண்ணம் அவருக்கு ஒருபோதும் வந்துவிடக் கூடாது. பாடநூல் இதைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. அதனால் சான்றிதழ் பற்றியோ டோஹா பற்றியோ றஸீனா வாய் திறக்கவில்லை. புத்தகத்தில் கையொப்பம் வாங்குவது வெறும் வழக்கம் என்று சொல்லிவைத்தாள்.

"ஏன் ராத்தா உடம்பக் குறைக்க வேணும் எண்டு நினைச்சீங்க?"

"நீங்க வந்து கேட்டதுக்கு, டீச்சர்."

"நான் கேட்டிரிக்காட்டி?"

"கேட்டிரிக்காட்டி என்னத்துக்கு?"

"உங்களுக்கெண்டு ஒரு ஆச இல்லையா?"

பர்ஸானா உண்மையாகவே யோசித்தார். "ஆசையெண்டா... இந்தச் சம்சாவில ஒண்டையாவது நீங்க எடுத்துச் சாப்பிட்டா எனக்குச் சந்தோசம்."

வீடு பர்ஸானாவுடையது, அவருக்குச் சீதனமாக வந்தது. பக்கத்து வளவு தங்கை ஜெஸீமாவுடையது. இரண்டு வளவுக்கும் நடுமதிலில் ஒரு சின்னப் படலை. அந்தப் படலை வழியாக நாள் முழுவதும் பெண்களும் பாத்திரங்களும் போய்வந்துகொண்டிருப்பார்கள். இது பின்னால் என்ன வேலை செய்யப்போகிறது என்று றஸீனாவுக்கு அப்போது தெரியாது.

மூன்றாவது கிழமை, ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வழமைபோல் ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். பர்ஸானா இல்லை. பாய் விரித்திருந்தது. அதன் மேல் ஜெஸீமா, சல்வாரை முடிந்து கட்டிக்கொண்டு, நிமிர்ந்து நின்றாள்.

"ராத்தா மௌத்து வீட்டுக்குப் போயிட்டா டீச்சர். நான் நிக்கிறன். தொடங்குவமா?"

"நீங்களா? இது ராத்தாட பயிற்சி."

"அது தெரியும். ஆனா வெயிலுக்குள்ளால வந்த ஆள எப்பிடிச் சும்மா அனுப்புற?"

றஸீனா சிரித்துக்கொண்டு செய்வித்தாள். சாவு வீடு, ஒரு நாள்தானே. செவ்வாய்க்கிழமை பர்ஸானா வந்தார், வியாழக்கிழமை வரவில்லை. பாயில் இருந்தது பர்ஸானாவின் உம்மா. அறுபத்தெட்டு வயது, வெள்ளைத் துப்பட்டி, கையில் தஸ்பீஹ் மணி.

"எனக்குக் குந்தி எழும்ப ஏலா மகள். இருந்துகொண்டு செய்றது ஏதும் இருந்தாச் சொல்லுங்க."

அதற்கடுத்த கிழமை படலை வழியாக மச்சிமார் வந்தார்கள். ஒரு நாள் பால் கொண்டுவந்த பெண்ணைக்கூட இருத்திவைத்திருந்தார்கள். பர்ஸானா வெளியே போகும் நாளில் யார் நிற்பது என்று அவர்களுக்குள் முறை ஒன்று உண்டாகிவிட்டது. வந்தவர் எல்லாரும் ஒழுங்காகச் செய்தார்கள், வியர்த்தார்கள், "நல்லாயிரிக்கி" என்றார்கள். பாதியில் பர்ஸானா தொலைபேசியில் ஜெஸீமாவை அழைப்பார்.

"டீச்சர் வந்தாவா?"

"ஓம் ராத்தா."

"உம்மா செஞ்சாவா?"

"செஞ்சா, செஞ்சா. இப்ப கை சுத்துறா."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று நிம்மதியாக வைத்துவிடுவார், தேத்தண்ணி கொடுத்தாயிற்றா என்று விசாரித்ததுபோல.

பாடநூல் சொன்ன உபாயங்களையெல்லாம் றஸீனா பரீட்சித்துப் பார்த்தாள். வந்த நாளுக்கு நட்சத்திரம் ஒட்டுகிற நாட்காட்டி ஒன்றைச் சுவரில் மாட்டினாள். இரண்டாம் நாளே உம்மா, "என்ட நட்சத்திரம் எங்க?" என்று கேட்டார். நேரத்தை விடிகாலைச் சுபஹுக்குப் பிறகு மாற்றிப் பார்த்தாள். பர்ஸானா அந்த நேரம் நல்ல தூக்கத்தில், பாயில் ஜெஸீமா. நேரத்தை மறுபடியும் அஸருக்கு மாற்றினாள். தேத்தண்ணியை மறுத்துப் பார்த்தாள். டீச்சருக்கு வயிற்றில் ஏதோ கோளாறு என்று கசாயம் வந்தது. கடைசியில் ஒரு நாள் முகத்தைக் கடுகடுப்பாக வைத்துக்கொண்டு வந்தாள். அன்று பராட்டாவும் இறைச்சியும் கட்டிக் கொடுத்தார்கள். பாவம், மனக்கவலை போல என்று.

ஆறாவது கிழமை முடிந்தபோது பதினெட்டு நாளும் அந்த வீட்டில் பயிற்சி நடந்திருந்தது. பர்ஸானாவின் கையொப்பம் பன்னிரண்டு. விடக்கூடிய ஆறும் முடிந்துவிட்டன. மிச்சமிருந்த பதினெட்டில் ஒன்றுகூடத் தவறக் கூடாது. றஸீனாவின் எடைமட்டும் இரண்டு கிலோ கூடியிருந்தது.

"ராத்தா," என்றாள், பாடநூலை மறந்து. "உம்மா கை சுத்தினா உங்கட சீனி குறையுமா?"

"அதெப்பிடிக் குறையும்? நல்ல கத."

"அப்ப ஏன் உம்மாவ நிப்பாட்டுறீங்க?"

பர்ஸானாவுக்குக் கேள்வியே விளங்கவில்லை. "வீட்டுக்கு வந்த ஆளுக்கு முன்னால ஒருத்தரும் இல்லாட்டி அது என்ன வீடு டீச்சர்?"

அன்று ஸ்கூட்டியில் திரும்பும்போது, பிரதான வீதியில் நட்டிருக்கும் பேரீச்சை மரங்களுக்குக் கீழே வாகன நெரிசலில் நின்றபடி, றஸீனா ஒரு வழியாக உண்மையைக் கண்டாள். அந்த வீட்டில் ஒருவரும் உடம்புக்காகப் பயிற்சி செய்யவில்லை. விருந்தாளியைக் கவனிக்கிறார்கள். விருந்தாளி பிரியாணி கேட்டிருந்தால் பிரியாணி. இவள் குந்தி எழும்பக் கேட்கிறாள், குந்தி எழும்புகிறார்கள். அந்த வேலைக்கு யாரும் நிற்கலாம். ஆனால் விருந்தாளியாகப் போகிற ஆள் தனக்குப் பதிலாக இன்னொருவரை அனுப்ப முடியாது. அதைவிட முக்கியம், விருந்துக்குப் போன இடத்தில் முன்னால் வைத்ததை வேண்டாம் என்று தள்ள முடியாது.

ஆற்றங்கரைப் பக்கம் இருந்த தன் சின்ன வீட்டுக்குப் பர்ஸானாவைக் கூப்பிடுவதென்று முடிவெடுத்தாள். சனிக்கிழமை தொலைபேசியில் சொன்னாள். "இன்ஷா அல்லாஹ், பாப்பம்" என்றார் பர்ஸானா. அந்தக் குரலுக்கு வரமாட்டேன் என்று அர்த்தம். பதறிப்போய் ஜெஸீமாவை அழைத்தாள்.

"டீச்சர், போன்ல சொன்னா அது வரச் சொன்னதா? நேர வந்து சொல்லணும்."

"ஒவ்வொரு நாளுமா?"

"ஒருக்காச் சொன்னா ஒருக்கா வருவா. மூணு நாள் வரணுமெண்டா மூணு நாள் சொல்லணும்தானே."

இப்படியாக, பர்ஸானா தன் வீட்டுக்கு வர வேண்டும் என்பதற்காக, றஸீனா கிழமைக்கு மூன்று நாள் பர்ஸானாவின் வீட்டுக்குப் போனாள். அங்கே உட்கார்ந்து, தேத்தண்ணி குடித்து, அழைப்பைச் சொல்லி, திரும்பி வந்து, பாய் விரித்துக் காத்திருந்தாள். பர்ஸானா முச்சக்கர வண்டியில் வந்து இறங்குவார். நல்ல அபாயா. துணைக்கு ஜெஸீமா. வெறுங்கையோடு வரக் கூடாதென்று ஒரு டிபன் கரியர்.

முதல் நாள் றஸீனா இரண்டு டம்பெல்லையும் ஒரு தட்டில் வைத்து, மேலே பூவேலை செய்த துணியைப் போட்டு, இரண்டு கையாலும் நீட்டினாள். உள்ளே நின்ற மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். பர்ஸானா துணியை நீக்கிப் பார்த்தார். றஸீனாவைப் பார்த்தார். பிறகு, வேறு வழியில்லாமல், எடுத்தார்.

"போதும் புள்ள, பத்துச் செஞ்சிட்டன்."

"ஒரு தரத்தோட விடலாமா ராத்தா? இன்னும் கொஞ்சம்."

"இல்ல, இல்ல, நெறஞ்சிட்டு."

"எனக்காக ஒரு அஞ்சி. நீங்க ஒண்டுமே எடுக்கல்லயே."

"சரி, வை. அஞ்சிதான். கூட வைக்காத."

வற்புறுத்துவதற்கு அவளுக்கு இப்போது பாடநூல் தேவைப்படவில்லை. காத்தான்குடிப் பெண் ஒருத்தி இன்னொருத்தியைச் சாப்பிட வைக்கிற பேச்செல்லாம் அப்படியே பொருந்தியது. எரிச்சலூட்டும் விடயம் என்னவென்றால், பலித்தது. ஏழு, எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று என்று கிழமைகள் போயின. பர்ஸானாவின் இடுப்பு இரண்டு அங்குலம் குறைந்தது. இதற்காக டொக்டர் பாராட்டியபோது அவர், "டீச்சர்ட மனசு நோகக்கூடாதெண்டு செய்ற" என்றாராம். பாடநூலை எழுதியவர் அந்த அறையில் இருந்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார்.

பன்னிரண்டாவது கிழமை. ஞாயிறு முடிந்தது, செவ்வாய் முடிந்தது. இருபத்தொன்பது கையொப்பம். கடைசி வியாழக்கிழமை றஸீனா அழைப்புச் சொல்லப் போனபோது, வாசலில் ஒரு வான் நின்றது. வாசல்படி முழுக்கச் செருப்பு. நிஸ்தாரின் சகோதரிகளும் பிள்ளைகளும், ஓட்டமாவடியிலிருந்து, சொல்லாமல் கொள்ளாமல், பதினொரு பேர். கணவன் வீட்டு ஆட்கள் மனைவியின் வீட்டுக்கு வருவதென்றால் அதற்கு மேல் விருந்து இல்லை.

அடுப்படியில் பர்ஸானாவின் முகம் புகையும் வியர்வையுமாக இருந்தது. "இண்டைக்கு ஏலா டீச்சர். பாக்கிறீங்கதானே. உம்மாக்கும் இடுப்புப் பிடிச்சிட்டு, ஜெஸீமா கோழிய வெட்டிக்கொண்டு நிக்கிறா."

"இண்டைக்குக் கட்டாயம் வேணும் ராத்தா."

"அப்பிடி என்னகா கட்டாயம்? புத்தகத்தத் தாங்க, கையெழுத்துப் போட்டுத் தாறன்."

கோழியை வெட்டிக்கொண்டிருந்த ஜெஸீமா நிமிராமல் சொன்னாள்: "போடச் சொல்லுங்க டீச்சர். ஆரு பாக்கப்போற?"

றஸீனா புத்தகத்தை எடுத்தாள். பேனையின் மூடியைக் கழற்றினாள். ஒரு கையொப்பம், ஏறாவூர் வேலை, மகளின் பரீட்சை, எல்லாம் அதில் இருந்தது. மூடியைத் திருப்பிப் போட்டாள். இதை நேர்மை என்று சொல்வதைவிட எரிச்சல் என்று சொல்வதே பொருத்தம். ஆறு கிழமையாக ஒவ்வொன்றையும் போய் அழைத்து, தட்டில் வைத்து, கெஞ்சிக் கெஞ்சி வாங்கியவளுக்குக் கடைசி ஒன்றைச் சும்மா வாங்கிக்கொள்ள ஆத்திரமாக இருந்தது.

அபாயாவின் கையை மடித்துவிட்டு, பர்ஸானாவிடமிருந்து அகப்பையைப் பிடுங்கினாள்.

"நீங்க பின்னறைக்குள்ள போய்ச் செய்ங்க. எல்லாம் பாடம்தானே. நான் இங்க நிக்கிறன்."

"என்ன பேசுறீங்க! வந்த ஆள் அடுப்படியிலயா?"

"நான் வந்த ஆள் இல்ல. உங்களுக்குப் பதிலா நிக்கிற ஆள். இந்த வீட்டில அது ஒரு புதினமா?"

பர்ஸானா கையைத் துடைத்துக்கொண்டு பின்னறைக்குப் போனார்.

அடுத்த முக்கால் மணித்தியாலம் றஸீனா பதினொரு பேருக்குச் சோறு போட்டாள். "நீ ஆரு புள்ள, ஜெஸீமாட மச்சியா?" என்று ஓட்டமாவடி மதினி கேட்டதற்கு, "ஓம், அப்பிடித்தான்" என்றாள். கறிச்சட்டியைக் கிளறும்போது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் வந்துகொண்டேயிருந்தது. "பத்து... பதினொண்டு... யா அல்லாஹ்... பன்னிரண்டு." கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. முடிந்தது என்று றஸீனா நினைத்தாள். "பதின்மூணு" என்றது சுவர்.

புத்தகத்தில் பர்ஸானா கையொப்பமிட்டார். 'பயிற்றுநரின் பங்கு' என்ற கட்டத்தில் றஸீனா நடந்ததை எழுதினாள்: அடுப்படியில் விருந்தினரைக் கவனித்தல். படம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை கொழும்பிலிருந்து பாடநெறியின் மேற்பார்வையாளர் அம்மா அழைத்தார்.

"இதென்ன எழுதியிருக்கிறீங்கள், றஸீனா? நீங்கள் பார்க்கேல்லையா?"

"சுவருக்கு இங்கால நிண்டு கேட்டன் மெடம். ஒவ்வொண்டும் கேட்டிச்சி."

"கேட்டதைக் கணக்கில எடுக்கேலாது. இருபத்தொன்பதுதான் நிக்குது. சனிக்கிழமையோட கிழமை முடியுது. அதுக்குள்ள ஒண்டு, நீங்கள் பக்கத்தில நிண்டு."

எழுதாமல் விட்டிருந்தால் சான்றிதழ். எழுதியதால் இன்னுமொரு நாள். கோபிப்பதற்கு றஸீனா ஆள் தேடினாள். தன்னைத் தவிர ஒருவரும் அகப்படவில்லை.

சனிக்கிழமை அஸருக்கு முன்பே அழைக்கக் கிளம்பினாள். என்ன சொல்வதென்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்தாள். இரண்டு நாள் விருந்தாளிகளைச் சமாளித்த உடம்பு, அசதி இருக்கும், பயிற்சி நாளும் இல்லை. எப்படிச் சொன்னாலும் 'பாப்பம்'தான் வரும். கதவைத் திறந்தது ஜெஸீமா.

"ராத்தா இல்லயே டீச்சர்."

"எங்க போயிட்டா?"

"உங்கட வீட்டுக்கு. அர மணித்தியாலம் ஆகிட்டு."

"என்ட வீட்டுக்கா? நான் வரச் சொல்லல்லயே!"

"அதத்தான் நானும் கேட்ட. வியாழக்கிழமை தனியச் செஞ்சதில முதுகு எங்கயோ பிழைச்சிட்டாம். சரியாச் செஞ்சதா எண்டு காட்டிக் கேட்டுட்டு வாறன் எண்டு போன."

ஸ்கூட்டியை அவள் எப்படித் திருப்பினாள் என்று அவளுக்கே தெரியாது. வீட்டில் பாய் விரித்திருந்தது, மகள் விரித்திருந்தாள். பர்ஸானா வீட்டில் உடுக்கும் பருத்திச் சட்டையோடு, டிபன் கரியர் இல்லாமல், துணைக்கு ஆள் இல்லாமல், கையில் ஒரு டம்பெல்லோடு நின்றார். கோபமாக நின்றார்.

"ஆள் வாற நேரத்தில வீட்டில நிக்கிறதில்லயா?"

"நீங்க வாறதெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? உங்களக் கூப்பிடத்தான் உங்கட வீட்டுக்குப் போன!"

"என்னத்துக்குப் பெற்றோல எரிச்சிக்கொண்டு? இங்க பாருங்க, குனியிற நேரம் இந்த இடத்தில கொழுவுது. இது ஏன்?"

முழங்கால் முன்னால் போகிறது, அதனால்தான் என்று றஸீனா காட்டிக்கொடுத்தாள். நாற்பது நிமிடம், பக்கத்தில் நின்று, கண் இமைக்காமல் பார்த்தாள். முடிந்ததும் புத்தகத்தை நீட்டினாள். பர்ஸானா முப்பதாவது கையொப்பத்தை வைத்தார். படம் கொழும்புக்குப் போனது. பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில் பதில் வந்தது: ஏற்றுக்கொள்ளப்பட்டது, சான்றிதழ் தபாலில் வரும்.

தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்த மகள் கேட்டாள், "அப்ப உம்மா டோஹா போறல்லயா?"

"இல்ல மகள்."

பாயில் காலை நீட்டி இருந்த பர்ஸானா நிமிர்ந்தார். "டோஹாவா? இதுக்குள்ள டோஹா எங்கால வந்த?"

இனி மறைக்க என்ன இருக்கிறது என்று றஸீனா சொன்னாள். சான்றிதழ், ஏறாவூர், ஏஜென்சி, முப்பது கையொப்பம், எல்லாம். பர்ஸானா கேட்டுக்கொண்டிருந்தார். கேட்கக் கேட்க அவருடைய முகம் சிவந்துகொண்டு வந்தது.

"பன்னிரண்டு கிழமையா இத வயித்துக்குள்ள வச்சிக்கொண்டா இருந்த?"

"சொல்லக்கூடாது ராத்தா. நீங்க உங்களுக்காகத்தான் செய்யணும் எண்டு புத்தகத்தில இரிக்கி."

"எனக்காகவா? எனக்காக நான் என்னத்தச் செஞ்சிரிக்கன்! உன்ட புள்ளைக்காண்டி எண்டு மொத நாளே ஒரு வார்த்த சொல்லியிருந்தா, மௌத்து வீட்டயும் விட்டுட்டு வந்திரிப்பனே புள்ள! முப்பத்தாறு நாளும் வந்திரிப்பன்! புத்தகமாம் புத்தகம்!"

திட்டிக்கொண்டே எழும்பினார். எழும்பும்போது முழங்காலைச் சரியாக வைத்து எழும்பினார். றஸீனா அதைக் கவனித்தாள். பாராட்டுகிற மனநிலையில் மட்டும் அவள் இல்லை.